நாத்தம் பிடிச்ச கல்லு

“இன்னா அரிகரன், கல்லைப் போயி கிலோ கணக்குல விக்கிறியே, உனக்கே இது ஓவரா தெரியலை?”

வில்லியனூர் வளர்ப்பு மீன் கடையே அதிரும்படி கேட்டார் பச்சையப்பன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, போர்வெல் வண்டியில் குழாய் தூக்கி, இன்று கரிக்கலாம்பாக்கத்தில் சொந்த வண்டி, சொந்த வீடு என்று நிற்பவர். வாத்தியார் அடித்ததைவிட வாழ்க்கை அடித்ததுதான் அதிகம். பேரம் பேசாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

“அண்ணே, இது சும்மா கல்லு இல்ல. ரெண்டு வருஷம் கடல் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டது. இதை வந்து...”

“கல்லையா ஊறுகா போட்ட? பாதி விலைக்குக் குடு.”

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார். ஜெயித்த வேகத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார். அரிகரன் பின்னாலேயே ஓடிவந்து சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது.

“நாப்பது நாள் மீன் விடாதீங்கண்ணே...!”

எல்லாம் மகள் பிரியதர்ஷினிக்காக. கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்து, முதல் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டிருந்தார். மறுநாள் இரண்டும் மல்லாந்துவிட்டன. மூன்றாவது படிக்கிற பிள்ளை ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. இந்தக் கல்லைப் போட்டால்தான் மீன் பிழைக்கும் என்று கேள்விப்பட்டுக் கடைக்குப் போயிருந்தார்.

“இந்தத் தடவை ஒரு மீன் செத்தாலும் என்னை அப்பான்னு கூப்பிடாத” என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

வீட்டில் மூட்டையைப் பிரித்தால் குப்பென்று நாற்றம்.

“இந்தச் சாக்கடையைப் போட்டா மீன் எப்படிப் பொழைக்கும்?”

அந்த நேரம் பார்த்து, கடற்கரை ஊரான நரம்பையிலிருந்து மீன்காரி கனகாம்பாள் ஸ்கூட்டரில் வந்து நின்றாள்.

“இந்தா கனகாம்பா, இந்தக் கல்லை எடுத்துக்கினு போயி பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளைவெளேர்னு தேச்சுக் கொண்டா. நாத்தம் உனக்குப் பழக்கம்தானே?”

அவள் முகம் சுருங்கியது. ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இன்னா பாக்கற? கூலி தரேம்மா. நீ கேக்கறதுல பாதி.”

“சரிண்ணா” என்று மூட்டையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துக் கல் வந்தது. நாற்றமே இல்லை.

“நல்லா தேச்சியா?”

“தேச்சேண்ணா.”

“வெள்ளையாவே ஆவலையே?”

“அது கல்லோட நெறம்ண்ணா. போவாது.”

கல் தொட்டிக்குள் போனது. ஒரு மாதமாக வெறும் கல்தான். ஒருநாள் பிரியதர்ஷினி, “கல்லு பூத்திருக்குப்பா!” என்று கூப்பிட்டாள். “எங்கடி?” என்று ஓடிவந்து தொட்டி இருந்த மேசையைத் தட்டினார். ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஏக்கம் என்று விட்டுவிட்டார்.

நாற்பதாம் நாள் அரிகரன் பையில் இரண்டு மீன்களோடு வந்தார்.

“எப்பிடித் தம்பி நம்ம தொட்டி? பிளீச்சிங் போட்டுத் தேச்ச கல்லு!”

அரிகரன் மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அய்யோ அண்ணே! அந்த அழுக்குலதான் உயிரே இருக்கு. அதுதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தும். இப்ப மீனை விட்டா நாளைக்கே மல்லாந்துடும்!”

பிரியதர்ஷினியின் உதடு பிதுங்கியது. வாசலில், “சங்கராஆ... நெத்திலீஈ...” என்று குரல்.

“கனகாம்பா! வா இப்பிடி உள்ள!”

கூடையோடு வந்தவளைப் பிடித்துக்கொண்டார் பச்சையப்பன்.

“நீ கடக்கரையில பொறந்தவதானே? நான் படிக்காத முட்டாள், சொல்லிட்டேன். தேச்சா செத்துடும்னு நீ சொல்லக் கூடாது? எம் பொண்ணு மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?”

அவள் கூடையை இறக்கி வைத்தாள். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, கத்தாத” என்று பிரியதர்ஷினி அவர் கையைப் பிடித்தாள். “நீ கத்துனா அது உள்ள பூந்துக்குது.”

“எதுடி?”

“ஷ்ஷ்...”

வாழ்க்கையில் முதல் முறையாகப் பச்சையப்பன் வாயை மூடினார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

கல்லின் ஒரு பொத்தலிலிருந்து, நெல்மணி அளவில், மயிலிறகின் நுனி போல ஒன்று எட்டிப் பார்த்தது. மெல்ல விசிறியாக விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கல் முழுக்க. அடியில், சட்டைப் பொத்தான் அளவு நட்சத்திரம் ஒன்று நூல் நூலாகக் கால் வீசி ஊர்ந்தது. தூசு என்று அவர் நினைத்ததெல்லாம் நீந்திக்கொண்டிருந்தது.

முந்நூறு அடி பூமியைத் துளைத்துத் தண்ணீர் பார்த்த மனுஷர். தண்ணீருக்குள் இப்படி ஓர் ஊரே இருக்கும் என்று பார்த்ததில்லை. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது அவருக்கு.

“பிளீச்சிங் பட்ட கல்லே இல்லண்ணே இது” என்று அரிகரன் கிசுகிசுத்தார். “மீனைத் தாராளமா விடலாம்.”

பச்சையப்பன் கனகாம்பாளிடம் திரும்பினார். அவரும் கிசுகிசுப்பாகவே கேட்டார்.

“தேச்சேன்னு சொன்னியே?”

“அன்னைக்குக் கல்லைத் தூக்குறப்பவே நூலாட்டம் ஒரு காலு வந்து என் வெரலைத் தொட்டுச்சுண்ணா. பத்து நாளும் அலுமினிய அன்னக்கூடையில கடத்தண்ணி புடிச்சு, தெனம் மாத்தி மாத்தி ஊத்துனேன். நாத்தம் அதுவா பூடுச்சு.”

“அப்ப ஏன் பொய் சொன்ன?”

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தேய்க்க மாட்டேன்னு சொல்லியிருந்தா... நீயே தேச்சிருப்ப இல்லண்ணா?”