தண்ணீர் போன வழி

ஊறுகாய் ஜாடிக்கு ஒரு பெருமை உண்டு. அதற்குள் போட்டது எதுவும் கரண்டி இல்லாமல் வெளியே போனதில்லை. ஊறுகாய் தீர்ந்ததும் மீனலோசனி அதைக் கழுவித் தண்ணீர் ஊற்றினாள். தோட்டத்தில் வெட்டிய சம்பங்கித் தண்டின் அடியைச் சாய்வாக நறுக்கி, அதில் செருகி, ஜன்னலோரம் வைத்தாள். தண்டு முழுக்க வெறும் பச்சை மொட்டுகள்.

மறுநாள் பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கரண்டி வரவே இல்லை. ஜாடிக்குப் பகீரென்றது.

"உங்களுக்கு விரிசல் விட்டுவிட்டது, அண்ணே," என்றது சுவரில் இருந்த பல்லி. "போன மாதம் ஒழுகிய குடம் கொல்லையில் தனியாகக் கிடக்கிறது. போய்த் துணைக்கு இருங்கள்."

"கீழே ஈரம் இருக்கிறதா, பார்த்துச் சொல்லேன்."

பல்லி இறங்கிவந்து மேசையை நக்கிப் பார்த்தது. "காய்ந்துதான் இருக்கிறது. கள்ள விரிசல் போலிருக்கிறது."

தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வெயில் தாழ்ந்தபோது தண்டின் அடிமொட்டு மெல்ல விரிந்தது. பிறகு அதற்கு மேலிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வெளேரென்று ஐந்து பூக்கள், அறையெங்கும் மணம். பல்லி வாலைக்கூட அசைக்கவில்லை.

"இவ்வளவு வெள்ளையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று ஜாடி மெதுவாகக் கேட்டது.

"நான் எங்கே ஒளித்தேன்? நேற்றிலிருந்து உங்கள் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்," என்றது சம்பங்கி. "மேலே இன்னும் எட்டு மொட்டு இருக்கிறது. குடிக்கட்டுமா?"

உப்பையும் மிளகாயையும் காத்தே பழகிய ஜாடி, மிச்சத் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கவில்லை.

"குடி," என்றது.