இறங்கித் திருப்பிட்டு வா

"இறங்கித் திருப்பிட்டு வா," என்றான் அண்ணன், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

ஓடைக்குள் ஜீப் நின்றது. முன்னால் சேறு. அதைத் தாண்டிச் செங்குத்தான கரை. கரைமேல் கூடாரம் போடத் தோதான புல்வெளி.

பின் இருக்கையில் கூடாரக்காரர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். நகரத்து ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிவந்து கூடாரத்தில் தங்கவைப்பது அவர் தொழில். அவருடைய சொந்த வண்டியில் எல்லாம் பொத்தான்தான். கூடாரங்களுக்கு நடுவே பழைய ஜீப் ஒன்று நின்றால் படம் எடுத்துக்கொள்ள ஆள் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கரையை ஏறிக் காட்டினால் மேலேயே பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அவள் கதவைத் திறந்து சேற்றில் கால் வைத்தாள். செருப்பு உள்ளேயே போனது.

அவள் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த வண்டி. உள்ளே இருக்கும் குட்டைக் கம்பியை இழுத்துவிட்டால் மட்டும் போதாது, நான்கு சக்கரமும் வேலை செய்யாது. யாராவது இறங்கி, முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் திருகைக் கையால் திருப்ப வேண்டும். அப்போதுதான் அவையும் சேர்ந்து இழுக்கும்.

பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் இறங்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். பக்கத்து இருக்கையில் எப்போதும் அவள்தான்.

மழையில், முள்ளில், அட்டை ஊரும் புல்லில். ஒரு தடவையாவது அவன் இறங்கியிருப்பானா?

அப்பாவோடு சேர்ந்து இந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டது அவள். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி அவளுக்கு விரல் தோலே வெளுத்துப்போனது. கல்லூரிக்குக் கையை மறைத்துக்கொண்டு போனாள். கடைசியில் எஞ்சின் உறுமிய அன்று, சட்டை கசங்காமல் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன் அவன்.

அப்பா போனபிறகு வண்டி அவன் பேருக்கு மாறியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"மேல்கூரையை அறுத்துடலாம் தம்பி," கூடாரக்காரர் உள்ளேயிருந்து சொல்வது கேட்டது. "முழுக்க மஞ்சள் பெயின்ட். பின்னாடி ஒரு அடுப்பு வெச்சுட்டா, கோழி வாட்டலாம்."

"உங்க வண்டி சார். கோழி வாட்டுங்க, குஞ்சு பொரிங்க, உங்க இஷ்டம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் முதல் சக்கரத்தருகே குந்தினாள். எழுந்தாள். வண்டியின் முன்புறமாகச் சுற்றிப்போய் அடுத்த சக்கரத்தருகே குந்தினாள். பற்களைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலித்தது.

"ஆச்சா?"

"ஆச்சு," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணன் குட்டைக் கம்பியை இழுத்தான். எஞ்சின் அலறியது. ஜீப் கரையில் மூக்கை வைத்து, ஒரு முழம் ஏறி, அப்படியே வழுக்கி வந்தது. மறுபடி மிதித்தான். பின்சக்கரங்கள் குழி பறித்தன. மூன்றாம் முறை எழும்பிய சேறு, திறந்திருந்த பின்பக்கம் வழியாக வந்து கூடாரக்காரரின் வெள்ளைச் சட்டையில் அப்பியது.

"யோவ், நிறுத்து!" அவர் குதித்து இறங்கினார். "கோழியே இதைவிட நல்லா ஏறும்யா!"

அண்ணனின் காது சிவந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் வெறித்துப் பார்த்தான். அவளுக்கு அந்தக் காட்சி தித்தித்தது. வேண்டும், நன்றாக வேண்டும்.

கூடாரக்காரர் சட்டையை உதறிக்கொண்டே முன்சக்கரத்தின் பக்கம் வந்தார்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு எதையோ திருப்பப் போச்சே, ஒழுங்காத் திருப்புச்சா? நீ பாத்தியா? பொம்பளைப் பிள்ளைங்க கையில இதெல்லாம் குடுத்தா..." சக்கரத்தின் நடுவில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்கக் குனிந்தார்.

அவள் இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

அண்ணன் கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவன் கால் சேற்றில் புதைந்தது.

"கையை எடுங்க சார்."

"இல்லப்பா, சும்மா பாக்கலாம்னு..."

"பாக்க வேண்டியதில்ல. அவ திருப்புனா திருப்புனதுதான். அவ திருப்புனதுக்கப்புறம் எங்கப்பாவே ஒரு தடவை இறங்கிப் பாத்தது கிடையாது. வண்டியில எங்க வேணா கோளாறு இருக்கட்டும், அவ கை வெச்ச இடத்துல இருக்காது."

கூடாரக்காரர் நிமிர்ந்து அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்ப உள்ள என்னமோ ஒடஞ்சிருக்கு. எனக்கு வேண்டாம் தம்பி. நீயே வெச்சுக்க." பேன்ட்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே ஓடையில் நடந்து போனார்.

வண்டி தப்பித்தது. இன்றைக்கு இனி யாரும் அதை வாங்கப்போவதில்லை.

அண்ணன் சக்கரத்துக்கு முன்னால் அப்படியே நின்றான். இன்னும் யாரோ அதைத் தொட வருவதுபோல. அவனும் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு திருகுகளின் மேலும் அவள் உள்ளங்கையை வைத்தது நிஜம்தான். வைத்து, திருப்பாமலே எடுத்துவிட்டாள்.

பாவி, என்று அவன் முதுகைப் பார்த்து நினைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இதைச் சொல்ல உனக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?