ஷிஃப்ட் போடுகிற கோல்கீப்பர்

சேரப்பணஞ்சேரி பிரதர்ஸ் கால்பந்து அணி தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமும் கோலில் நின்றவர் ஏசுவடியான். அணி மூன்றாம் டிவிஷனை விட்டு நகராததற்கும் அவர்தான் காரணம்.

கார்னர் என்றால் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். திறக்கும்போது பந்து வலைக்குள் இருக்கும். அதன் பிறகு பாய்வார்.

"காத்து சார். பந்து வளைஞ்சிடுச்சி," என்று சமாதானம் சொல்வார்கள் மற்றவர்கள். மைதானத்தில் ஒரு இலைகூட அசைந்திருக்காது.

எதிர் அணிக்காரர்கள் முதல் நாளே போன் போட்டு, "சாரு வராருல்ல?" என்று விசாரித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அணி வாங்கிய ஒரே கோப்பை, நன்னடத்தைக் கோப்பை. வலையிலிருந்து பந்தை எடுக்கவே நேரம் சரியாக இருந்ததால் நடுவரோடு யாரும் சண்டை போடவில்லை.

ஆனால் அவரை மாற்ற முடியாது. ஒரகடத்தில் கார் கதவு செய்யும் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். அணியில் எட்டுப் பேருக்கு அவர் லைனில்தான் வேலை. மேட்ச் அன்றைக்கு எட்டுப் பேருக்கும் காலை ஷிஃப்ட் விழுந்தால்தான் மத்தியானம் மைதானத்துக்கு வர முடியும். ஷிஃப்ட் எழுதுகிற பேனா ஏசுவடியான் சட்டைப் பையில்.

அடுத்த சனிக்கிழமை வாலாஜாபாத்தில் கடைசி மேட்ச். இந்த வருஷம் வாங்கியதைவிட ஒன்றிரண்டு கோல் அதிகம் அடித்து எப்படியோ முன்னேறியிருந்தார்கள். ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். தோற்றால், ஜெர்சியும் ஆட்டத்துக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாயும் கொடுத்துவந்த ஹார்டுவேர் கடை பாண்டுரங்கன் கைகழுவிவிடுவார். வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதோடு அணியும் முடிந்தது.

அணியில் புதிதாக ஜாக்சன் சேர்ந்திருந்தான். பக்கத்து லைனில் வேலை. பயிற்சியில் ஏழு பெனால்டியில் ஆறைப் பிடித்தான்.

"ஜாக்சன நிறுத்தினா ஜெயிச்சிடலாம்," என்றான் கேப்டன் கன்னியப்பன்.

"நிறுத்தினா சனிக்கெழம எல்லாரும் செகண்ட் ஷிஃப்ட்ல ஸ்க்ரூ முடுக்கிகினு இருப்போம்," என்றான் செயலாளர் எழிலரசன்.

"அதான் பதமா பேசணும். அவர நம்ம கிளப்புக்குத் தலைவர் ஆக்கிடலாம். ஒரு மால, ஒரு சால்வ, ஓரமா ஒரு சேரு."

"யார் போய் சொல்றது?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று எழிலரசனுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்து, ஒரு கிலோ ஆப்பிளோடு போனான். அவர் மனைவி கிளாரா காபி கொடுத்தாள்.

"இன்னா எழிலு, பழமெல்லாம்? இங்க யாருக்கும் உடம்பு நல்லாதான கீது," என்றார் ஏசுவடியான்.

"சும்மாதான் சார். உங்க அனுபவத்துக்கு, நீங்க இன்னும் கோல்லயே நிக்கறது எங்களுக்கு ஒரு மாதிரி கீது சார்."

"எப்டி கீது?"

"கொறச்சலா கீது சார். உங்களுக்கு. அதான், தலைவரா, ஒரு சேர்ல..."

"சேர்ல உக்காந்துகினு எப்டிப்பா பந்து புடிக்கறது?"

"அதுக்கு ஜாக்சன் கீறான் சார்."

சொல்லிவிட்டான். ஏசுவடியான் எழுந்து உள்ளே போனார்.

எழிலரசன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஷிஃப்ட் போச்சு, மேட்ச் போச்சு. பன்னிரண்டு வருஷம் காற்றின் மேல் பழி போட்டதெல்லாம் வீண். 'ஒரே ஒரு மேட்ச். விட்டுக்குடுக்க மனசு வருதா பாரு' என்று உள்ளுக்குள் திட்டினான்.

ஏசுவடியான் ஒரு தாளோடு வந்தார். அடுத்த வார ஷிஃப்ட் சார்ட். சனிக்கிழமை காலை ஷிஃப்ட்டில் எட்டுப் பேரும் இருந்தார்கள். கீழே பென்சிலில் ஜாக்சன்.

"அவன் உங்க லைன் இல்லயே சார்."

"அவன் சூப்பர்வைசர் கிட்ட போன வாரமே பேசிட்டேன். அந்தப் புள்ள புடிக்கறத நானும் பாத்தேன்ல. நீங்க எப்ப வந்து சொல்லுவீங்கன்னு காத்துகினு இருந்தேன்."

கிளாரா எழிலரசனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்ப தம்பி. வலது தோளு வீணாப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. சட்ட போட நான்தான் கைய தூக்கி வுடறேன். அந்தக் கைய வச்சிகினு கோல் புடிக்க கெளம்பிடறாரு."

எழிலரசன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "சார், நாங்க ஷிஃப்ட்டுக்காகத்தான் உங்கள நிக்க வச்சோம்."

"தெரியும்பா. எனக்கு அன்னிக்கும் ஃபுட்பால் தெரியாது, இன்னிக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு சார் இத்தன வருஷம் நின்னீங்க?"

ஏசுவடியான் சார்ட்டை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"மொத மொத ஷிஃப்ட் மாத்தச் சொல்லி நீயும் கன்னியப்பனும் வந்தப்ப, பிச்ச கேக்கற மாதிரி தலைய குனிஞ்சிகினு நின்னீங்க. என்னிய கோல்ல நிறுத்தினப்புறம்தான், நாமளும் இவருக்கு ஒண்ணு குடுத்துட்டோம்னு நிமிந்து நின்னு கேட்டீங்க."