பன்னிரண்டாவது படி

"சார், என்கூட சேர்ந்து கொஞ்சம் எண்ணிப் பாக்குறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, ஊர்சுற்றி படிக்கட்டின் அடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஊர்சுற்றி என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். வாரத்தில் ஆறு நாள் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துவார். ஞாயிறானால் பஸ் ஏறி, பழைய தேவாலயம், பாழடைந்த மாளிகை என்று சுற்றிவிட்டு வந்து அந்தப் பெயரில் இணையத்தில் குறிப்பு எழுதுவார். எப்படிப் போவது, எங்கே குனிவது, எந்தச் சுவரில் சாயக்கூடாது, எல்லாம் இருக்கும்.

கல்யாண வீடு என்றால் தலைவலி, இடிந்த வீடு என்றால் விடியும் முன்னே குளியல் என்று மனைவி கேலி செய்வாள்.

இந்த மாளிகையைப் பற்றியும் எழுதியிருந்தார். முன்னால் நிற்கும் தேவாலயத்தைக் கட்டியவரின் வீடு இது. கூரையில் பாதி இல்லை. ஆனால் இதன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் மணிக்கூண்டு அடி முதல் நுனி வரை தெரியும். அதைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததே வீண் என்று எழுதியவரும் அவர்தான்.

மாடிக்குப் பதினெட்டு மரப்படிகள். அதில் ஒன்று உளுத்துப் போயிருந்தது. எந்தப் படி என்பதையும் எழுதியிருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன் ஓர் இளைஞன் அந்தப் படியிலேயே கால் வைத்துக் கீழே விழுந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஊர்சுற்றிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மரம் முறியும் சத்தம். இன்று மனைவியிடம் ஆபீஸில் அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஏன் வந்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

முதலில் தேவாலயத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். மனம் நிற்கவில்லை. தரையில் பதித்த கல்லறைக் கற்களில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வந்த இடத்தில் இந்தப் பெண். விழுந்தவனின் அக்கா.

அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. சுற்றிப் பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பியின் உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பு எலும்பும் ஒரு காலும் போயிற்று. தலையிலும் அடி.

இருவரும் கீழிருந்து எண்ணினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழாவது படி வரை ஏறி, காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். படி அசையவில்லை. பன்னிரண்டாவது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. முறிந்த விளிம்பு வெளிறிக் கிடந்தது.

இறங்கி வந்து போனை நீட்டினாள்.

"பாருங்க சார், பன்னெண்டாவது படியில கால் வைக்காதீங்கன்னு அந்த மனுஷன் தெளிவா எழுதியிருக்காரு. இவன் என்னடான்னா, ஏழாவதுன்னுதான் போட்டிருந்துச்சு, அத தாண்டித்தான் ஏறினேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

ஒற்றைக் கால் என்று வாயில் வந்ததற்கு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தலையில் அடிபட்டவன் இல்லாததைப் படித்ததாகச் சொன்னால் டாக்டர் சும்மா விடுவாரா? தலையை மறுபடி படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா தினமும் கிழமை கேட்டு, தேதி கேட்டுச் சோதிக்கிறாள். முதல் வாரம் எல்லோரிடமும் சண்டை போட்டவன், இப்போது எதைப் படித்தாலும் பக்கத்திலிருப்பவரிடம் காட்டி, இப்படித்தானே இருக்கிறது என்று கேட்கிறானாம்.

"நீங்க இத முன்னாடியே படிச்சிருக்கீங்களா சார்? அப்போ என்ன போட்டிருந்துச்சு?"

ஊர்சுற்றி, படித்திருக்கிறேன் என்றார். பன்னிரண்டுதான் என்றார்.

அவள் முகம் தொங்கிப் போயிற்று. தம்பி சொன்னது சரியாக இருந்துவிடாதா என்ற ஆசையில்தான் இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியாள் சொன்னால் கேட்பான், ஒரு வார்த்தை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவள் தம்பியை அழைத்துவிட்டாள். வேண்டாம் என்பதற்குள் போன் அவர் கையில் இருந்தது.

"பன்னெண்டுதான் தம்பி," என்றார்.

பன்னெண்டு, பன்னெண்டு என்று அவன் சொல்லிப் பார்ப்பது போனில் கேட்டது.

"சரி சார். அப்போ எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். ஊர்சுற்றி அந்த ஏழாவது படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எந்தப் பழைய கட்டடமானாலும் அவர் முதலில் உச்சிக்குப் போய் ஆசை தீரப் பார்த்துவிடுவார். நோட்டை எடுப்பது இறங்கும்போதுதான். இங்கேயும் அப்படித்தான், மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கி, ஏழாவது படி என்று எழுதினார். படிக்கிறவர்கள் கீழிருந்து எண்ணுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பையன் விழுந்த அன்று மாலையே, அந்தச் செய்தி திருத்துவதற்காக அவர் மேஜைக்கே வந்தது. அதில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினார். பிறகு போனை எடுத்து, தன் குறிப்பில் இருந்த ஓர் எண்ணையும் திருத்தினார்.