நம்பும்படியான பயம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கோயம்புத்தூர் கார் பந்தயத்தில் மூன்று முறை கோப்பை வாங்கிய பூவரசன் கதையைச் சொல்கிறேன்.

பந்தயக் கார்கள் தாமே ஓடப் பழகிவிட்ட பிறகு, ஸ்டியரிங் வெறும் அலங்காரம் ஆகிவிட்டது. ஓட்டுநரின் வேலை பயப்படுவது. வளைவில் யார் நன்றாக அலறுகிறாரோ அவருக்குத்தான் நடுவர்கள் மார்க் போடுவார்கள். பூவரசன் தினமும் கண்ணாடி முன்னால் நின்று அலறிப் பழகுவான். மனைவி தேன்மொழி சோறு வடித்தபடியே, "நேத்து அலறுனதுதான் நல்லா இருந்துச்சுங்க" என்பாள்.

நான்காவது கோப்பைக்கான இறுதிப் பந்தயத்தில் கார் நிஜமாகவே தறிகெட்டு ஓடியது. பூவரசனுக்கு அலறல் வரவில்லை, விக்கல் வந்தது.

திரையில் அதைப் பார்த்த தேன்மொழி, காரை நிறுத்தும் பொத்தானுக்குக் காவலிருந்த பொறியாளரிடம் ஓடினாள்.

"நிறுத்துங்க தம்பி. அவருக்கு நெசமா பயம் வந்தாத்தான் விக்கல் வரும்."

"சித்த பொறுங்கக்கா. அண்ணன் புதுசா என்னமோ பண்றாரு, மார்க் ஏறும்."

அவனைத் தள்ளிவிட்டு அவளே பொத்தானை அழுத்தினாள். கார் பாதையோரத்து டயர் அடுக்கில் மோதி நின்றது. கை முறிந்தது, ஆள் பிழைத்தான். கோப்பைதான் போய்விட்டது. பயம் நம்பும்படியாக இல்லை என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அவனுக்கு விக்கல் நிற்கவில்லை. தேன்மொழி தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது விக்கல் எடுத்தால், மார்க் போடாமல் தண்ணீரோடு ஓடி வர ஓர் ஆள் என்றைக்கும் இருக்கட்டும், கண்ணுகளா.