ஒரே வரியில் காலியான லேப்

"நான் ஒரே ஒரு வரிதான்டா தட்டினேன். லேப்ல இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, ஸ்பீக்கர்ல சத்தமே வரலை."

தம்பி கையிலிருந்த பிஸ்கட்டை காபிக்குள் தவறவிட்டான்.

"அக்கா, புழுகுறதுக்கும் ஒரு அளவு வச்சுக்கோ."

அக்கா அசரவில்லை. இன்ஜினியரிங் முதலாண்டில் சேர்ந்ததிலிருந்து தினமும் இப்படி ஒரு செய்தியோடுதான் வீடு திரும்புகிறாள். இன்றைய பாடம், கணக்குப் போட்டு, படம் வரைந்து, ஒலியும் எழுப்பும் ஒரு மென்பொருள். ஓர் அலையை உருவாக்கித் திரையில் வரைய வேண்டும். பிறகு அதையே ஸ்பீக்கரில் ஒலிக்கவிட வேண்டும். பயிற்சி அவ்வளவுதான்.

மற்றவர்களின் திரையில் அலை பாம்பு மாதிரி நெளிந்ததாம், ஸ்பீக்கர் விசில் ஊதியதாம். அக்காவின் திரையில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் போல ஒரு நீலப் பட்டை. சத்தம் துளியும் இல்லை. ஒலியளவைக் கூட்டினாள். பின் வரிசை முழுவதும் மேஜைக்கடியில் தலையை நுழைத்தது. இன்னும் கூட்டினாள். முதல் ஆளாக வாசலைத் தாண்டியவர், போன வருஷம்தான் படிப்பை முடித்து வேலைக்கு வந்த லேப் சார். ஒரு பையன் ஜன்னல் வழியாகவே குதித்துவிட்டான் என்று அக்கா சத்தியம் செய்தாள்.

"லேப் எந்த மாடியில?" என்று கேட்டான் தம்பி.

"மூணாவது மாடி."

"குதிச்சவன் என்ன ஆனான்?"

"லிஃப்ட்ல திரும்பி வந்துட்டான்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அக்காவின் சிரிப்புதான் முதலில் நின்றது. மணி அடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பி வந்திருந்தாள். சார் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டதற்குக்கூட நிற்கவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக அந்த அலையை ஒலிக்கவிட்டுக் காட்டாவிட்டால் இந்த லேபில் மார்க் கிடையாது. அதைவிடப் பெரிய கவலை வேறு.

"ஒண்ணு, என் ப்ரோக்ராம்ல பேய் இருக்கணும். இல்ல, அந்தப் பசங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு என்னைக் கிண்டல் பண்ணியிருக்கணும். கிண்டல்தான்னா, நாளையிலேர்ந்து நான் காலேஜ் பக்கமே போகலைடா."

சேர்ந்த நாளிலிருந்து 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்று அரித்துக்கொண்டிருந்தவன்தான் தம்பி. இப்போது அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பேயா இருந்தா நல்லதுதான். எங்கே, ஓட்டு பார்க்கலாம்."

அக்கா நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து எண்டர் தட்டினாள். அதே நீலச் சுவர். தம்பி குனிந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தான். மின்விசிறி சுற்றும் ஓசைதான் கேட்டது.

"நடிச்சிருக்காங்க அக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா ஒலியளவை உச்சத்தில் வைத்து, கடைசியாக ஒரு முறை தட்டினாள்.

மாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தாள். திரையைப் பார்த்தாள். முழங்கையால் அவர்களை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு சைபரை அழித்தாள். எண்டர். அலை அழகாக நெளிந்தது, விசில் கணீரென்று ஊதியது.

"பெரிய பாட்டி, அதிர்வெண் ஆயிரத்து அறுநூறு போடறதுக்குப் பதிலா பதினாறாயிரம் போட்டிருக்கீங்க. அவ்வளவு கீச்சுன்னா எங்க காதுதான் கிழியும், உங்க வயசுக்காரங்களுக்குக் கேட்கவே கேட்காது. தாத்தா, நீங்க வேற ஏன் அதுல காதை வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

தாத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"நடந்துதான் இருக்கு அக்கா," என்றார். "அந்த மூணாவது மாடிப் பையனையும் சேர்த்தே நம்பறேன்."