பதினேழாம் நம்பர்

"தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா என்னம்மா சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ரூபேந்திரன் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அதுக்குத்தானே நம்ம ஊரு ரெங்கத்துல எடுக்காம தம்போய் வரைக்கும் வந்தோம்" என்றாள் அம்மா யோகேஸ்வரி. "கல்யாணத்துக்கு முன்னாடி பால்வினை நோய் டெஸ்ட்டு எடுக்கிறது நல்ல விஷயம்லா. இதுல என்ன வெக்கம்?"

அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்ததால் ஒரு மணி நேர வழியில் எங்கும் காரை நிறுத்தவில்லை. கிளினிக்கில் காத்திருந்த மற்ற நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் பதினேழு!"

தாதி நேராக வந்து ரூபேந்திரனிடம் பிளாஸ்டிக் கப் ஒன்றை நீட்டினாள்.

"பயப்படாதீங்க தம்பி. இங்க பேரு கூப்பிட மாட்டோம், நம்பர்தான். இதுல யூரின் பிடிச்சுக் குடுங்க, அப்புறம் கொஞ்சம் ரத்தம் எடுப்போம். டாக்டர் அந்தரங்கமா சில கேள்வி கேப்பாங்க, மறைக்காம சொல்லிடணும். ஒரு வாரத்துல ரிசல்ட் வந்துடும். அம்மா இங்கயே உக்காந்திருக்கட்டும்."

ரூபேந்திரன் தரையைப் பார்த்தான். யோகேஸ்வரி எழுந்து கப்பை வாங்கிக்கொண்டாள்.

"இவன் சும்மா கார் ஓட்டிட்டு வந்தான் மிஸ்ஸி. பதினேழு நான்தான். மாப்பிள்ளை போன வாரமே எடுத்துட்டாரு."

கைப்பையை மகனின் மடியில் வைத்துவிட்டு நடந்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து அவன் காதருகே குனிந்தாள்.

"யாராச்சும் பாத்துட்டா, டெஸ்ட்டு உனக்குன்னு சொல்லிடு ஐயா. கல்யாணப் பொண்ணு பேரு கெட்டுடக் கூடாது."